அப்பாவின் வயிற்றில் ஒட்டும் பை: இரண்டு துண்டா, ஒற்றைத் துண்டா?

என் அப்பா மேலூரில் தையல்காரர். மலக்குடலின் அடிப்பகுதியில் புற்றுநோய் என்று தெரிந்து, போன வருடம் மதுரையில் அறுவை சிகிச்சை நடந்தது. ஆசனவாயையும் சேர்த்து எடுத்துவிட்டுத் தைத்து மூடிவிட்டார்கள். இனி வாழ்நாள் முழுவதும் இடது அடிவயிற்றில் வைத்த வாய் வழியாகத்தான் மலம் வெளியேறும். அந்த வாய்க்கு ஸ்டோமா என்று பெயர். அதன் மேல் ஒட்டும் கொலாஸ்டமி பையைப் பற்றித்தான் எழுதுகிறேன். மருந்துக் கடை வாசலில் எந்தப் பையைக் கேட்பதென்று தெரியாமல் நான் நின்றதுபோல் இன்னொருவர் நிற்கக் கூடாது.

பல நிறுவனங்கள் இந்தப் பையைச் செய்கின்றன. நான் சொல்ல வருவது வகையைப் பற்றி. ஒட்டும் தகடும் பையும் சேர்ந்தே இருப்பது ஒற்றைத் துண்டு. தகடு தனியாகவும் பை தனியாகவும் இருப்பது இரண்டு துண்டு. முதல் மாதம் ஒற்றைத் துண்டுதான் வாங்கினோம். விலை குறைவு, சட்டைக்குள் தெரியாது. ஆனால் பையை மாற்றும்போதெல்லாம் தோலிலிருந்து உரிக்க வேண்டும். மூன்றாவது வாரம் அப்பாவின் தோல் சிவந்து எரிந்தது. உரிக்கும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். அதைப் பார்த்த பிறகுதான் இரண்டு துண்டுக்கு மாறினோம்.

இதில் தகடு மூன்று நான்கு நாள் தோலிலேயே இருக்கும். பையை மட்டும் கழற்றிக் கழுவி மாட்டலாம். எங்கள் பையில், தகட்டோடு பையை இணைக்கும் வளையம் சரியாகப் பொருந்தினால் 'டக்' என்று சத்தம் வரும். இருட்டில்கூட அப்பா அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் படுப்பார். குறையும் உண்டு. வளையம் தடிமனாக இருப்பதால் பனியனுக்கு மேல் லேசாகத் தெரியும். தகட்டுக்கும் பைக்குமாக எங்களுக்கு மாதம் சுமார் 5,000 ரூபாய் ஆகிறது. சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டும்போது தகடு இரண்டே நாளில் ஓரம் பெயர்ந்துவிடும், அந்த மாதம் செலவு இன்னும் ஏறும். வாங்கும்போது வளையத்தின் அளவைப் பாருங்கள். ஒரு கடையில் 60 மில்லிமீட்டர் தகட்டுக்கு 50 மில்லிமீட்டர் பையைக் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது, அன்றிரவே மீண்டும் மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

எந்த நிறுவனத்துப் பையானாலும் தகட்டில் வெட்டும் துளைதான் முக்கியம். ஸ்டோமாவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக இருக்க வேண்டும். பெரிதாக வெட்டினால் இடைவெளியில் மலம் பட்டுத் தோல் புண்ணாகும், சிறிதாக வெட்டினால் ஸ்டோமாவை நெருக்கும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆறு முதல் எட்டு வாரம்வரை ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். இதை அறியாமல், மருத்துவமனையில் கொடுத்த 40 மில்லிமீட்டர் அளவிலேயே நான் வெட்டிக்கொண்டிருந்தேன். அளந்து பார்த்தபோது ஸ்டோமா 32 ஆகியிருந்தது. அப்பாவின் தோல் எரிந்ததில் பாதி என் கத்தரிக்கோலால் வந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதுவரை அப்பா தன் வயிற்றைக் குனிந்து பார்த்ததே இல்லை. மகள் முன்னால் படுத்திருக்கும் கூச்சம் வேறு. நான் அளவு தவறியதைச் சொன்ன அன்று எழுந்து உட்கார்ந்தார். "கொடு தாயி, வெட்டுவது என் வேலை" என்றார். காஜா வெட்டும் சின்னக் கத்தரிக்கோலைச் சுடுநீரில் கழுவிவரச் சொன்னார். கண்ணாடி முன் நின்று அளந்தார். அட்டையில் ஒரு மாதிரி வெட்டி, அதைத் தகட்டின் மேல் வைத்து வரைந்து, பிசிறில்லாமல் வட்டமாக வெட்டினார். ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார், சட்டைக் கழுத்தைத் தடவிப் பார்ப்பதுபோலவே. அன்று ஒட்டிய தகடு நான்கு நாள் அசையவில்லை.

ஒட்டுவதற்கு முன் வெறும் தண்ணீரால் கழுவி, ஈரம் போகத் துடைத்தால் போதும். எண்ணெய்ப் பசை இருந்தால் தகடு நிற்காது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை அப்பாவால் விட முடியவில்லை. இப்போது தலைக்கு மட்டும் தேய்த்துக்கொள்கிறார். தகட்டை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துச் சூடாக்கி, ஒட்டிய பின் ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸ்டோமாவைத் துடைக்கும்போது துளி ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். உதட்டின் உட்புறம்போல ஈரமான சதை அது, தொட்டால் வலிக்காது. பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிடுங்கள், கனம் ஏறினால் தகட்டை இழுக்கும்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் ஸ்டோமா நர்ஸ் ஒருவர் வந்து, அப்பாவை வேட்டி கட்டி நிற்கச் சொன்னார். பிறகு தையல் இயந்திரத்தில் குனிவதுபோல் உட்காரச் சொல்லி, மடிப்பு விழாத இடத்தில் பேனாவால் குறி வைத்தார். அன்று எனக்கு அதன் அருமை தெரியவில்லை. நான்கு மாதம் கழித்து அப்பா மெத்தை போட்டு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தபோது மேசை விளிம்பு பையில் இடிக்கவில்லை. உங்கள் மருத்துவமனையில் அப்படி ஒருவர் இருந்தால், குறி வைக்கச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள்.

பிளாஸ்டிக் தோலில் ஒட்டி வேர்க்குரு வந்ததால், பழைய வேட்டித் துணியில் பைக்கு உறை தைத்துக்கொண்டார் அப்பா. போன வாரப் பரிசோதனையில் புதிதாக அறுவை சிகிச்சை முடிந்த ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்தாராம். அவருக்கு எத்தனை மில்லிமீட்டர் வளையம் என்று அடுத்த முறை கேட்டுவரச் சொல்லி அப்பா என்னிடம் சொல்லியிருக்கிறார். துணியை நனைத்துக் காயப்போட்டாயிற்று.