சி மொழியில் வெப் ஆப்: பல வருஷம் ஓட்டிய அனுபவம்

சி-யில் வெப் ஆப் எழுதுகிறேன் என்றால் பலரும் சிரிக்கிறார்கள். 1970களில் யூனிக்ஸோடு வளர்ந்த மொழிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். ஆனால் புரோகிராம் கோடைப் பராமரிக்கும் ஃபாசில், அதை உலாவியில் காட்டும் சிகிட் இரண்டுமே சி-தான். எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸின் தளத்தை ஓட்டும் சர்வரே ஒற்றை சி கோப்பு.

நான் ஓட்டுவது ஒரு கிடங்கின் இருப்புக் கணக்கு. யூனிக்ஸ் வகை ஓஎஸ்ஸான ஓபன்பிஎஸ்டி, அதோடு வரும் வெப் சர்வர் ஹெச்டிடிபிடி, சி-யில் வெப் கோரிக்கைகளைக் கையாளும் கேசிஜிஐ லைப்ரரி, எஸ்க்யூலைட், அவ்வளவுதான். தேவையான லைப்ரரிகளையெல்லாம் உள்ளேயே சேர்த்து, ஸ்டாட்டிக்காக லிங்க் செய்த ஒரே பைனரியைச் சர்வரில் போட்டால் முடிந்தது. நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களைக் கட்டி மேய்க்கும் தொல்லை கிடையாது. ஆறு மாசத்துக்கொருமுறை ஓஎஸ் பதிப்பு மாறும்போது மறுபடி கம்பைல் செய்ய வேண்டும்.

எரிச்சலெல்லாம் ஸ்ட்ரிங்கில், அதாவது எழுத்துத் தொடர்களைக் கையாள்வதில்தான். தமிழ்ப் பெயர் என்றால் இன்னும் மோசம். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். மீனாட்சிசுந்தரம் என்ற பெயருக்கே 48 பைட் வேண்டும். 32 பைட் பஃபருக்குள் (தற்காலிக மெமரி இடம்) எஸ்என்பிரிண்ட்எஃப் என்ற சி ஃபங்ஷன் அதை எழுதினால் நிரம்பி வழியாது, பாதுகாப்பாகவே வெட்டும். ஆனால் ஸ்ட்ரிங்கின் முடிவைக் காட்டும் கடைசி ஒரு பைட் போக 31தான் மிச்சம். அதில் 30 பைட்டுக்கு ‘மீனாட்சிசு’ வரும், அடுத்த ‘ந’வின் முதல் பைட் மட்டும் ஒட்டிக்கொண்டு திரையில் கேள்விக்குறிக் கட்டமாக நிற்கும். கம்பைலர் வாயே திறக்காது. இங்கிலீஷ் பெயர்களை வைத்து டெஸ்ட் செய்கிறவர் கண்ணில் இது படவே படாது.

எடுத்த மெமரியைத் திருப்பித் தராத மெமரி லீக் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். வெப் சர்வர் புரோகிராமை அழைக்கும் பழைய முறையான சிஜிஐயில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு புராசஸ், வேலை முடிந்ததும் செத்துவிடும், லீக்கும் அதோடு போய்விடும். புராசஸ் சாகாமல் தொடர்ந்து ஓடும் ஃபாஸ்ட்சிஜிஐக்கு மாறினால் இந்தச் சலுகை கிடையாது. பஃபர் வழிவது வேறு கதை. ஓபன்எஸ்எஸ்எல்லில் வந்த ஹார்ட்பிளீட் ஓட்டைகூட எல்லை தாண்டிப் படித்த ஒரு சி கோடுதான். அதனால் லினக்ஸில் இப்படிப்பட்ட மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசரோடு ஓட்டிப் பார்க்காமல் எதையும் சர்வருக்கு அனுப்புவதில்லை.

தைரியமாகத் தூங்க வைப்பது ஓபன்பிஎஸ்டியின் பிளெட்ஜ் வசதி. 2016இல் ஓபன்பிஎஸ்டி 5.9 பதிப்போடு வந்தது. இன்னின்ன வேலை மட்டும் செய்வேன் என்று புரோகிராம் முதலிலேயே ஓஎஸ்ஸின் மையமான கர்னலுக்கு வாக்குக் கொடுக்கிறது, மீறினால் கர்னல் அந்த இடத்திலேயே கொன்றுவிடும். வெளியிலிருந்து வரும் ஃபார்ம் தகவலைத் தனிப் புராசஸில் அடைத்துவைத்துப் பிரிக்கும் வேலையை கேசிஜிஐ பார்த்துக்கொள்கிறது. இந்த இரண்டும் இல்லாத இடத்தில் சி-யைப் பொது இணையத்தில் திறந்துவிட நான் தயாரில்லை.

பிறகு கூகுள் லாகின் வேண்டும் என்றார்கள். அதற்குக் கூகுள் சர்வரோடு பேச வேண்டும். டிஎன்எஸ் (முகவரி தேடல்), டிஎல்எஸ் (மறைகுறியாக்கம்), ஜேசன் (தகவல் வடிவம்) எல்லாவற்றையும் சி-யில் இழுத்துக் கட்டி, அதற்காகப் பிளெட்ஜ் வாக்கையும் தளர்த்த மனம் வரவில்லை. அந்தத் துண்டை மட்டும் கோ மொழியில் எழுதிப் பக்கத்தில் தனியாக ஓட்டுகிறேன்.