கீழே போய் வாங்குவதா, மேலேயே வாங்குவதா? ஒரு குன்னூர் மளிகைக் கணக்கு

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எனக்கும் ஒரு வருடமாக இந்த வழக்கு நடக்கிறது. மாதம் பிறந்தால் அவரும் அவர் வீட்டுக்காரரும் ஸ்கூட்டரில் மேட்டுப்பாளையம் இறங்கி, மளிகை மொத்தத்தையும் அங்கேயே வாங்கி ஏற்றிக்கொண்டு வருவார்கள். நான் முக்கில் இருக்கும் பாய் கடையை விட்டு நகர்வதில்லை. "மேலே எல்லாத்துக்கும் கிலோவுக்கு அஞ்சு பத்து கூட வச்சுத்தான் விக்கிறாங்க, நீதான் தெரியாம கொட்டிக் கொடுக்கிற" என்பது அக்கா கட்சி. "பெட்ரோலுக்குக் கொட்டுறதையும் கணக்குல சேருங்கக்கா" என்பது என் கட்சி. வாயால் பேசித் தீராது என்று ஒரு நோட்டுப் போட்டு, இரண்டு வீட்டிலும் வாங்கியதை எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத ரேஷன், உழவர் சந்தை, சூப்பர் மார்க்கெட் எல்லாம் உள்ளே வந்துவிட்டன.

மலையில் இல்லாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்களுக்கு 'கீழே' என்றால் சமவெளி. அரிசி, பருப்பு, எண்ணெய், வெங்காயம், தக்காளி, தேங்காய், முருங்கைக்காய் எல்லாம் கீழேயிருந்துதான் ஏறி வர வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் சுமார் 35 கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் 14 கொண்டை ஊசி வளைவுகள். அந்த லாரி வாடகை கடையில் நாங்கள் வாங்கும் ஒவ்வொரு கிலோவிலும் உட்கார்ந்திருக்கிறது. ஐப்பசி மழையில் மண் சரிந்து ரோடு அடைத்தால் தக்காளி விலை மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும்.

முதலில் அரிசி. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய அரிசிப் பைக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உடனே ஆலைக்காரர்கள் 26 கிலோ சிப்பம் போட்டார்கள். ஒரு கிலோ கூடினால் வரி போச்சு. ஐந்து கிலோ, பத்து கிலோ என்று முடிந்த அளவுக்கு வாங்குகிறவன் வரி கட்டுகிறான், சிப்பமாகத் தூக்க வசதி உள்ளவன் கட்டுவதில்லை. யார் போட்ட கணக்கோ, நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள். சிப்பத்துக்குச் சிப்பம் பார்த்தால் மேட்டுப்பாளையத்துக்கும் பாய் கடைக்கும் என் நோட்டில் கிலோவுக்கு 3 ரூபாய் வித்தியாசம். 26 கிலோவுக்கு 78 ரூபாய். ஸ்கூட்டரில் முன்னால் ஒரு சிப்பம்தான் வைக்க முடியும்.

அக்கா ஜெயிப்பது மற்ற சாமானில்தான். துவரம் பருப்பு 4 கிலோவில் 40 ரூபாய் மிச்சம், உளுந்து 3 கிலோவில் 36, எண்ணெய் 3 லிட்டரில் 18, மிளகாய் வற்றல் அரைக் கிலோவில் 20, கால் கிலோ சீரகத்தில் 15, ஒரு கிலோ புளியில் 20, மற்ற சில்லறைச் சாமானில் 40. கூட்டினால் 189. அரிசியையும் சேர்த்தால் 267 ரூபாய்.

இனிச் செலவு. போக வர 70 கிலோமீட்டர். ஏற்றத்தில் ஸ்கூட்டர் லிட்டருக்கு 40 கொடுத்தாலே பெரிது. பெட்ரோல் 180 ரூபாய். இரண்டு பேருக்குக் காலை டிபன், டீ என்று சிக்கனமாகப் பார்த்தாலும் 100. ஆக 280. மாதம் 13 ரூபாய் நஷ்டம்! இதைப் படித்துக் காட்டியபோது அக்கா கொஞ்சமும் அசரவில்லை. "காரமடையில எங்க தங்கச்சி வீட்டுக்கு எப்படியும் போகணும், அந்தப் பெட்ரோலை எதுக்கு மளிகை மேல எழுதுற?" என்றார். அதுவும் நியாயம்தான். ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத்துக்கோ கீழே இறங்குகிற நாளில் வெறும் கையோடு திரும்புகிறவர் எங்கள் ஊரில் யாரும் இல்லை.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போனால்? அரிசியை விட்டுவிட்டு மற்றதை இரட்டிப்பாக வாங்கினால் கணக்கு லாபத்துக்குத் திரும்புகிறது. நானும் ஒருதடவை அப்படி வாங்கி வைத்தேன். ஐப்பசி முழுக்க வெயில் முகமே தெரியவில்லை. உப்பு கரைந்தது, வெல்லம் ஒழுகியது, மிளகாயில் பூஞ்சை. மிச்சம் பிடித்தது குப்பைக்குப் போனது. கீழே இருக்கிறவர்கள் மொத்தமாக வாங்கி வெயிலில் காயவைத்து டப்பாவில் போடுவார்கள், எங்களுக்கு அந்த வெயிலையும் கீழேயிருந்துதான் வாங்கி வர வேண்டும்.

பருப்பில் மட்டும் அக்காவிடம் முழுசாகத் தோற்றேன். குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல் இருக்கிறது, தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாமல் 94-லேயே கொதித்துவிடும். ஊட்டியில் இன்னும் குறைவு. குக்கர் இல்லாமல் இங்கே பருப்பு வேக வைப்பது வேண்டுதல் மாதிரி. குக்கர் இருந்தாலும் பழைய பருப்பு சண்டைதான் போடும். மேட்டுப்பாளையக் கடைகளில் மூட்டை வந்த வாரமே காலியாகிறது. அங்கே வாங்கிய பருப்பு நாலு விசிலில் மசிந்தது. பாய் கடையில் எந்த மூட்டையின் அடியில் கிடந்ததோ, ஏழு விசில் விட்டும் தட்டில் தனித்தனியாக உருண்டது. கிலோவுக்குப் பத்து ரூபாய் மிச்சம் என்று நோட்டில் எழுதினேனே, அதில் கேஸ் சேரவில்லை. சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது என்று தேதி குறித்துப் பார்த்த பிறகு, பருப்பை அக்கா போகும்போது சொல்லிவிடுகிறேன்.

அப்படியென்றால் ஏன் இன்னும் பாய் கடை? காரணம் சிட்டை, அதாவது பாய் எழுதும் கடன் கணக்கு நோட்டு. அக்கா வீட்டுக்காரருக்கு அருவங்காட்டில் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம் கணக்கில் விழும். எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை. பறித்த இலையை ஃபேக்டரிக்குப் போட்டால் மாதம் முடிந்து, எடை கழித்து, விலை நிர்ணயித்து அப்புறம்தான் பணம். அந்த மாதம் கிலோவுக்கு என்ன கிடைக்கும் என்பது பறிக்கும்போது தெரியாது. மழை இல்லையா, பனி விழுந்ததா, இலையே இல்லை. அந்த நாட்களில் மேட்டுப்பாளையம் மொத்தக் கடைக்காரர் எனக்கு ஒரு கிலோ உளுந்து கடனாகத் தருவாரா? பாய் தருகிறார். வட்டி கிடையாது. "அடுத்த மாசம் பாத்துக்கலாம்மா" என்று சிட்டையை மூடிவிடுவார். கிலோவுக்கு மேலாக வைக்கும் அந்த ஐந்து பத்துதான் வட்டி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருக்கட்டும். 267 ரூபாய்க்கு மாதம் முழுக்கக் கடன் கொடுக்க வேறு யார் இருக்கிறார்கள்?

ஆனால் சிட்டைக்காரிக்கு வாய் கிடையாது, இதையும் சொல்லிவிட வேண்டும். கடன் நிற்கும்போது "இந்தப் பருப்பு பழசா இருக்கே பாய்" என்று கேட்க நாக்கு எழாது. எடை போடும்போது தராசை உற்றுப் பார்க்கவும் கூச்சம். ரொக்கம் வைத்திருக்கும் அக்கா நாலு கடை ஏறி இறங்கி, கையில் அள்ளி மோந்து பார்த்து வாங்குகிறார். விலை குறைந்த கடை என்பது முதல் தேதியில் கையில் பணம் உள்ளவர்களின் கடை. 2025-ல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியபோது என் வீட்டுக்காரர் கணக்குப் போட்டார்: பச்சை இலை கிலோ 20 ரூபாய் என்றால் ஒரு லிட்டருக்கு 20 கிலோ இலை. அன்றிலிருந்து தலைக்குத் தேய்க்க மட்டும்தான் தேங்காய் எண்ணெய். அதுவும் இந்தக் குளிரில் எப்போதும் கட்டியாகத்தான் இருக்கும், கொஞ்சமாக எடுக்க வசதி.

ரேஷன் கடையைப் போட்டியில் சேர்ப்பதே தப்பு, அந்த விலைக்கு எதிரே நிற்க ஆளில்லை. 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசம், நாலு பேர் உள்ள எங்கள் அட்டைக்கு மாதம் 20 கிலோ. சர்க்கரை 25 ரூபாய், துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. வெளியே இதே பருப்பும் எண்ணெயும் நூறுக்குக் குறைந்து கிடைக்காது. மாதம் ஒரு கிலோ, ஒரு லிட்டர் என்பதுதான் குறை. அரிசியில் இட்லி நன்றாக வருகிறது, சோறு அந்த மாதத்து மூட்டையைப் பொறுத்தது. பாமாயில் மார்கழியில் பாக்கெட்டுக்குள் வெள்ளையாக உறைந்துவிடும், வெந்நீரில் போட்டுத்தான் வெட்ட வேண்டும். பருப்பும் எண்ணெயும் முதல் வாரத்திலேயே வாங்கிவிட வேண்டும், கடைசி வாரம் போனால் 'ஸ்டாக் இல்லை'. இலை பறிக்கும் நாளில் வரிசையில் நின்றால் அரைநாள் போய்விடும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். வயதானவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. செங்குத்துப் படிக்கட்டு உள்ள எங்கள் தெருவில் அது பெரிய உதவி.

காய்கறிக்கு வந்தால் கதை தலைகீழ். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், நூல்கோல், உருளை எல்லாம் எங்கள் மலை விளைச்சல். கேத்தி பாலாடா பக்கம் போனால் கேரட் கழுவும் மெஷினில் மூட்டை மூட்டையாக ஓடிக்கொண்டிருக்கும். கழுவிய மூட்டை பெரும்பாலும் மேட்டுப்பாளையம் மண்டிக்குத்தான் இறங்கும். அங்கே ஏலம் போய், கமிஷன் போய், சில சமயம் அதே கேரட் திரும்ப மலையேறிக் கடைக்கு வருகிறது. போக ஒரு லாரி வாடகை, வர ஒரு லாரி வாடகை. எங்கள் சின்ன மாமியார் பாலாடாவில் தோட்டம் வைத்திருக்கிறார். மண்டியில் தனக்குக் கிடைத்த விலையையும் கடையில் நான் கொடுத்த விலையையும் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே மலைக்காய்க்கு உழவர் சந்தைதான். 1999-ல் மதுரையில் தொடங்கிய திட்டம், அடையாள அட்டை உள்ள விவசாயி நேரே விற்கிறார், நடுவில் ஆள் இல்லை. மொத்த விலைக்கு மேல் 20 சதவீதம், சில்லறை விலைக்குக் கீழ் 15 சதவீதம் என்ற கணக்கில் விலை வைப்பார்கள், பலகையிலும் எழுதிவிடுவார்கள். பலகையைப் படித்துவிட்டுப் போனால் மற்ற கடையில் பேரம் பேசவும் தைரியம் வரும். ஆனால் காலையிலேயே போக வேண்டும், பத்து மணிக்கு மேல் மிஞ்சுவது தழையும் தண்டும். பெண்களுக்கான கட்டணமில்லாப் பஸ் 2024-ல் மலைக்கும் வந்ததால் ஊருக்குள் போய்வரும் செலவு போனது. முன்பெல்லாம் பத்து ரூபாய் காய் மிச்சத்துக்குப் பதினைந்து ரூபாய் டிக்கெட் எடுத்திருக்கிறேன். வெங்காயமும் தக்காளியும் எப்படியும் கீழேயிருந்து வருவதுதான், எங்கே வாங்கினாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

சூப்பர் மார்க்கெட்டில் ஒன்றே ஒன்றுக்காகப் போகலாம்: பொட்டலத்தில் ஒரு கிராம் என்ன விலை என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பதைக் கண்ணாடி போட்டு நிதானமாகப் படிக்கலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். பெரிய பாக்கெட்தான் மலிவு என்ற நினைப்பு எனக்கு அங்கேதான் உடைந்தது. ஒரு சோப்புத்தூளில் சின்ன பாக்கெட்டின் கிராம் விலை குறைவு. 2025 செப்டம்பர் 22-ல் சோப்பு, ஷாம்பு, பிஸ்கட், நெய்க்கெல்லாம் ஜி.எஸ்.டி. குறைந்ததே, அதை ஒழுங்காக பில்லில் பார்த்ததும் அங்கேதான். பாய் கடையில் பழைய ஸ்டாக் தீரும்வரை பழைய விலை. போனில் ஆர்டர் போட்டும் ஒருமுறை பார்த்தேன். டெலிவரித் தம்பி மெயின் ரோட்டில் நின்றுகொண்டு "கீழே வந்து வாங்கிக்கோங்க" என்றார். 110 படி இறங்கி, ஐந்து கிலோ ஆட்டாவோடு ஏறினேன். இனி இல்லை. இன்னொன்று: மலையில் காற்றழுத்தம் குறைவு, சிப்ஸ் பாக்கெட் எல்லாம் பலூன் மாதிரி உப்பியிருக்கும். உள்ளே ஏராளமாக இருப்பதாக எங்கள் வீட்டுச் சின்னவன் நம்புகிறான்.

கீழே போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. துணிப்பை கொண்டுபோங்கள், நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை, சோதனைச் சாவடியில் பிடித்தால் மிச்சம் பிடித்ததைவிட அபராதம் கூட. அடுத்தது, மே மாதம் போகவே வேண்டாம். நீலகிரிப் பதிவான டி.என்.43 வண்டிக்கு மலையேறும் இ-பாஸ் தேவையில்லைதான், ஆனால் சீசனில் குன்னூர் ரோட்டில் ஏற மட்டும் விட்டு, இறங்குவதைக் கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். அக்கா போன சீசனில் காலையில் போய் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு வந்து சேர்ந்தார்.

இப்போதைக்கு எங்கள் வீட்டு ஏற்பாடு: ரேஷனில் கிடைப்பது முழுக்க ரேஷனில். மலைக்காய் உழவர் சந்தையில். பருப்பு, மிளகாய், சீரகம், புளி அக்கா தங்கச்சி வீட்டுக்குப் போகும்போது, என் பங்குப் பெட்ரோலுக்கு 50 ரூபாய் கொடுத்து. மீதி எல்லாம் பாய் சிட்டையில். பருப்பு வாங்குவதில்லை என்பதை பாய் கவனித்துவிட்டார். போன வாரம், "என்னம்மா, வீட்டுல சாம்பாரே வைக்கறதில்லையா?" என்று கேட்டார். ரசம்தான் எல்லோருக்கும் பிடிக்கிறது என்று சொல்லிவைத்தேன்.