பத்திரத்தோடு பட்டாவும்: இரண்டு முறை பயன்படுத்திப் பார்த்த ஒரு சேவை

தமிழ்நாட்டில் நிலம் வாங்குபவர் இரண்டு துறைகளின் வாசலை மிதித்தாக வேண்டும். கிரயப் பத்திரத்தைப் பதிவு செய்வது பதிவுத்துறை. அந்த நிலத்துக்கு இன்னார் உரிமையாளர் என்று பட்டா வழங்குவது வருவாய்த்துறை. இவ்விரண்டும் நெடுங்காலம் ஒன்றையொன்று கேட்காமலேயே இயங்கி வந்தன. சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிந்து கொடுத்துவிடுவார். அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் அலைய வேண்டியவர் வாங்கியவர்தான். அலையச் சலித்தவர்கள் விட்டுவிட்டதால்தான், பத்திரம் பேரன் பெயரிலும் பட்டா தாத்தா பெயரிலும் இருக்கும் குடும்பங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன.

இந்த இடைவெளியை அடைப்பதற்காக வந்ததே, பத்திரப்பதிவைத் தொடர்ந்து பட்டா தானாக மாறும் சேவை. பதிவுத்துறை 2018-இல் ஸ்டார் 2.0 என்ற இணையவழி முறைக்கு மாறியது. வருவாய்த்துறையின் நில ஆவணங்கள் தமிழ்நிலம் என்ற மென்பொருளில் உள்ளன. இவையிரண்டையும் இணைத்ததில்தான் இச்சேவையின் முழுப் பலமும், நான் கண்டவரை முழுப் பலவீனமும் அடங்கியிருக்கின்றன. கடந்த இரண்டு ஆண்டுகளில் இதை இரண்டு முறை பயன்படுத்தினேன். இரண்டு அனுபவங்களும் ஒரே அரசின் ஒரே சேவை என்று சொல்ல முடியாத அளவுக்கு வேறுபட்டிருந்தன.

முதல் முறை, என் தந்தை தமது பெயரில் தனிப்பட்டாவாக இருந்த 62 சென்ட் புன்செய் நிலத்தை எனக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிக் கொடுத்தார். பத்திர விவரங்களை இணையத்தில் உள்ளிடும்போது, சர்வே எண்ணையும், அதற்குள் ஒரு துண்டு நிலத்தைத் தனியே குறிக்கும் உட்பிரிவு எண்ணையும் கொடுத்தவுடன் பட்டாதாரரின் பெயரும் பரப்பும் திரையில் வந்து நின்றன. எழுதிக் கொடுப்பவர்தான் பட்டாதாரரா என்பதைப் பதிவுக்கு முன்பே பார்த்துவிட முடிவது சிறிய செய்தியன்று. பிறர் நிலத்தை விற்கும் மோசடிகளில் பல இந்த ஒரு திரையிலேயே தடுக்கப்பட வேண்டியவை. உட்பிரிவு முழுவதும் கைமாறியதாலும், பெயர் பொருந்தியதாலும், வருவாய்த்துறையில் எவரும் கோப்பைத் தொட வேண்டிய தேவையே எழவில்லை. மூன்றாம் நாள் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. க்யூஆர் குறியீட்டுடன் கூடிய பட்டாவை வீட்டிலிருந்தே அச்சிட்டுக்கொண்டேன். தம் இளமையில் ஒரு பட்டா மாறுதலுக்காக ஓராண்டு நடந்த என் தந்தை, அந்தத் தாளை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெயர் பொருந்தியது என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். அது எங்கள் நற்பேறு. இன்றைய கிராமப்புறப் பட்டாக்களுக்கு அடிப்படை, 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது மக்கள் வழக்கில் யூ.டி.ஆர். என்று சொல்லப்படும் பணியில், எழுதப்பட்ட பதிவேடுகள். அவற்றில் தலைப்பெழுத்து ஓரிடத்தில் "இரா." என்றும் இன்னோரிடத்தில் "ஆர்." என்றும் இருக்கும், ராமசாமி இராமசாமியாகவும் இருப்பார். இருவரும் ஒருவரே என்பது கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியும், தேநீர்க் கடைக்காரருக்கும் தெரியும், கணினிக்குத் தெரியாது. பழைய பிழை திருத்தப்படாமல் கணினியில் ஏறியிருக்கும் இடங்களில், துறைகளை இணைப்பது அந்தப் பிழையையும் சேர்த்தே விரைவாக இணைக்கிறது.

இரண்டாம் அனுபவம் நீண்டது. நான்கு பேர் பெயரில் கூட்டுப்பட்டாவாக இருந்த 1 ஏக்கர் 20 சென்ட் நிலத்தில், ஒருவருடைய பாகத்திலிருந்து 8 சென்ட் வாங்கினேன். முகூர்த்த நாளாகப் பார்த்துப் பதிவுக்குச் சென்றதால் கூட்டம் மிகுதி. அத்தகைய நாட்களில் ஒரு சார்பதிவாளர் உள்ள அலுவலகத்துக்கு 100 டோக்கன்களுக்குப் பதிலாக 150 வரை ஒதுக்கும் வழக்கம் உண்டு. ஆயினும் முன்பதிவு செய்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. உட்பிரிவுக் கட்டணத்தையும் பதிவின்போதே செலுத்திவிட்டதால், மனு வட்டாட்சியர் அலுவலகத்துக்குத் தானாகவே சென்று சேர்ந்தது. இதுவரை குறை சொல்ல ஏதுமில்லை.

அதன்பின் மனு, சில கிராமங்கள் சேர்ந்த குறுவட்டத்துக்கான நில அளவரின் பட்டியலில் போய் உட்கார்ந்தது. உட்பிரிவு செய்ய வேண்டுமானால் ஒருவர் நிலத்துக்கு வந்து அளக்க வேண்டும், நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தில் புதிய கோடு வரைய வேண்டும், அதன் பிறகே வட்டாட்சியர் உத்தரவிட முடியும். அந்த அளவருக்குக் குறுவட்டத்தின் எல்லாக் கிராமங்களும், நீதிமன்ற வழக்குகளும், ஆக்கிரமிப்பு அளவைகளும் பொறுப்பு. உட்பிரிவு இனங்களுக்கு 30 நாள் என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் கணக்கு. எனக்கு ஐந்து மாதம் ஆனது. இணையப் பக்கம் ஒவ்வொரு நாளும் "நிலுவையில் உள்ளது" என்பதை மட்டும் தவறாமல் தெரிவித்தது. எத்தனையாவது மனு என்னுடையது, எந்த வாரம் அளக்க வருவார்கள் என்ற இரண்டே விவரங்களைக் காட்டியிருந்தால், நான் மூன்று முறை நேரில் சென்றிருக்க மாட்டேன்.

காத்திருப்பை விட என்னை வருத்தியது வேறொன்று. மூன்றாம் மாதம் மனு ஒருமுறை தள்ளுபடியானது; காரணம், விற்றவருக்கு அந்த நிலம் வந்த முந்தைய பத்திரமான மூலப்பத்திரம் இணைக்கப்படவில்லை என்பது. அந்த மூலப்பத்திரம் அரசின் மற்றொரு துறையே பதிவு செய்து, ஸ்கேன் செய்து, தன் கணினியில் வைத்திருக்கும் ஆவணம். அதற்கு நகல் எடுத்து, இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி, மறுபடியும் மனுச் செய்தேன். இரண்டு துறைகளும் இப்போது பேசிக்கொள்கின்றன என்பது உண்மை. ஆனால் பேசத் தெரிந்த சொற்கள் பெயர், எண், பரப்பு என்ற மூன்றோடு நின்றுவிடுகின்றன. நிலத்தை அளக்க ஆள் வேண்டும் என்பது புரிகிறது, பக்கத்துத் துறையின் ஆவணத்தைத் திறந்து பார்க்கவும் குடிமகன்தான் வேண்டுமா?

கர்நாடகத்தில் ஒரு சர்வே எண்ணில் ஒரு பகுதியை மட்டும் விற்பதாயின், 11-ஈ எனப்படும் வரைபடத்தை முதலில் பெற்ற பிறகே பதிவுக்குச் செல்ல வேண்டும். அளவை முன்னே, பத்திரம் பின்னே. அவசரப் பணத்துக்காக நிலத்தை விற்பவருக்கு இந்த வரிசை பெருந்தடை என்பதை மறுக்கவில்லை. ஆனால் வாங்குபவர் எதை வாங்குகிறார் என்பது பணம் கைமாறுவதற்கு முன்பே கல் நட்டுத் தெரிந்துவிடும். இங்கே, பணமும் முத்திரைத்தீர்வையும் கொடுத்து முடித்தபின், என் 8 சென்ட் எந்த மூலையில் தொடங்குகிறது என்று ஐந்து மாதம் கழித்து அறிந்தேன். கிழக்கு எல்லைக்கல் நாங்கள் நம்பிய இடத்திலிருந்து நான்கு அடி தள்ளியிருந்தது.

கூட்டுப்பட்டாவில் மீதமிருப்பவர்களில் ஒருவர் வருகிற தை மாதம் தம் பங்கை விற்கப்போவதாகவும், பதிவு அரை நாளில் முடிந்துவிடுமா என்றும் கேட்டார். முடிந்துவிடும் என்றேன், முன்பணம் வாங்குவதற்கு முன் உட்பிரிவுக்கு மனுப் போட்டுவிடுங்கள் என்றும் சொல்லி, விண்ணப்பிக்கும் பக்கத்தை அவருடைய கைப்பேசியில் திறந்து கொடுத்தேன்.