மஞ்சப்பைக்கும் வயர் கூடைக்கும் போட்டி வைத்தால்

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. போன வருஷம் வரை அதில் 14 மஞ்சப்பைகள் தொங்கின. எல்லாம் கல்யாண வீட்டுத் தாம்பூலப் பைகள். ஒரு பையில் பெயர் அச்சாகியிருக்கும் ஜோடிக்கு இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் இருக்கிறாள். பை மட்டும் மடிப்புக் கலையாமல் புதுசாகவே இருந்தது. இத்தனையும் தொங்க, நான் கையை வீசிக்கொண்டு தென்னூர் உழவர் சந்தைக்குப் போய், ஏழெட்டுக் கவரோடு திரும்பிக்கொண்டிருந்தேன்.

ஆக, வீட்டில் நல்ல பொருள் இருந்தால் மட்டும் போதாது. குப்பையைக் குறைக்கும் என்று சொல்லி வாங்கியவை, சும்மா வந்தவை, அம்மா கொடுத்தவை என்று எல்லாவற்றையும் ஒரு வருஷம் கவனித்தேன். எது நிஜமாகவே புழங்குகிறது, எது ஓரமாகக் கிடக்கிறது? முடிவுகள் நான் நினைத்த மாதிரி வரவில்லை.

முதலில் பை

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியது. அடுத்த வருஷம் கோயம்பேடு மார்க்கெட்டில் 10 ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரமே வந்துவிட்டது. ஒரு காலத்தில் மஞ்சப்பையோடு பஸ்ஸை விட்டு இறங்கினால் பட்டிக்காட்டு ஆள் என்று சிரிப்பார்கள். இப்போது அதற்கு மரியாதை வந்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனாலும் கீரைக்காரம்மா சாக்குக்கு அடியிலிருந்து கவரை உருவுவது நிற்கவில்லை.

மஞ்சப்பைக்கு முதல் போட்டி, ஜவுளிக்கடைகள் தரும் ‘துணிப் பை’. பார்த்தால் துணி மாதிரி இருக்கும். உண்மையில் அது நெய்யாத பாலிப்ரொப்பிலீன், அசல் பிளாஸ்டிக். சந்தேகம் இருந்தால் ஒரு நூலளவு வெட்டித் தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள். பருத்தி சாம்பலாகும், இது உருகிச் சுருண்டு மணியாக நிற்கும். 2019 தடைப் பட்டியலில் இந்தப் பையும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கொஞ்ச நாள் வெயில் பட்டால் இது பொடிப் பொடியாக உதிரும். அந்தப் பொடியைக் கூட்டி அள்ளக்கூட முடியாது. என் கணக்கில் இது கவரைவிட மோசம், துணி வேஷம் போட்டு வருவதால்.

காகிதப் பையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஈரக் கீரைக்கட்டு ஒன்றைப் போட்டால் தெருமுனை வரைதான் தாங்கும்.

சரி, மஞ்சப்பை ஜெயித்துவிட்டதா? அங்கேதான் ஒரு கணக்கு இடிக்கிறது. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. புவி சூடாவதை மட்டும் அளவாக வைத்துப் பார்த்தால், ஒரே தடவை பயன்படும் மெல்லிய கவரைவிட நல்லது என்று பெயர் வாங்க, காகிதப் பையை 3 முறையும் நெய்யாத பையை 11 முறையும் பருத்திப் பையை 131 முறையும் பயன்படுத்த வேண்டுமாம். கவரைக் கடைசியில் குப்பைத் தொட்டிக்குள் போட்டுப் பயன்படுத்துகிற வீடாக இருந்தால் (நம்மில் யார் அப்படிச் செய்யவில்லை?) பருத்திக்கு 327 முறை. பருத்தி விளைவதற்கும் நூற்பதற்கும் நெய்வதற்கும் ஆகிற செலவு அவ்வளவு.

வாரம் ஒரு சந்தை என்று வைத்தால் 131 முறைக்கு இரண்டரை வருஷம். 327க்கு ஆறு வருஷத்துக்கும் மேல். அதுவும் ஒரே பையாக இருந்தால்தான்! 14 பையை மாற்றி மாற்றி எடுத்துப் போனால் என் ஆயுளில் பாதிப் பைகள் அந்த எண்ணைத் தொடாது. இதைக் காட்டி ‘பார்த்தாயா, கவரே மேல்’ என்று ஒரு உறவினர் வாட்ஸப்பில் வாதாடினார். அந்தக் கணக்கில் சாக்கடை அடைப்பும் கிடையாது, குப்பை மேட்டில் மேய்கிற மாட்டின் வயிறும் கிடையாது என்று பதில் போட்டேன். ஆனால் அவர் சொன்னதில் பாதி நியாயம். துணிப்பை சும்மா கிடைக்கிறது என்பதற்காக வாங்கிச் சேர்ப்பதும் குப்பை சேர்ப்பதுதான். இப்போதெல்லாம் கல்யாண வீட்டில் பையை வேண்டாம் என்று சொல்லி, தேங்காயைக் கையில் வாங்கிக்கொள்கிறேன். சிலர் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

நான் எதிர்பார்க்காத வெற்றி வயர் கூடைக்குத்தான். ஆமாம், பிளாஸ்டிக் வயரில் பின்னியதுதான். என் அம்மா எனக்குப் பள்ளிக்கூட நாளில் பின்னிக் கொடுத்த சிவன் கண் கூடை, பச்சையும் வெள்ளையும். ஒரு பக்கக் கைப்பிடி மட்டும் இரண்டு தடவை மாற்றிச் சுற்றியிருக்கிறது. இதைத் தரையில் வைத்தால் தானாக நிற்கும். துணிப்பை சரிந்து தக்காளியைப் பூசணி நசுக்கிவிடும். இதில் கனமானதை அடியில் வைத்து, தக்காளியை மேலே அடுக்கலாம். மண் ஒட்டின சேப்பங்கிழங்கைக் கொட்டி எடுத்துவிட்டுக் குழாயடியில் காட்டினால் இரண்டே நிமிஷம், தண்ணீர் முடிச்சு வழியே வடிந்துவிடும். துணிப்பையின் பெரிய குறையே இதுதான்: யாரும் அதைத் துவைப்பதில்லை. கீரைத் தண்ணீர் பட்டுப் பட்டு ஒரு மாதத்தில் வாடை வந்துவிடும், அப்புறம் ஆணியிலேயே தொங்கும்.

அங்கே எனக்கு ஒன்று புரிந்தது. மறுபடி பயன்படுத்துவது என்றாலே மறுபடி கழுவுவது. எதைக் கழுவுவது சுலபமோ அது வீட்டில் நிற்கும். இதை வைத்து மற்றவற்றையும் பார்த்தேன்.

தூக்கா, டப்பாவா?

ஞாயிற்றுக்கிழமை காலை ஹோட்டல் பார்சல். சாம்பார் ஒரு கவர், மூன்று சட்னிக்கு மூன்று கவர், வாயில் நூல் சுற்றி. நாலு பேர் இட்லி சாப்பிட்டு முடிக்கும்போது ஒரு கை நிறைய எண்ணெய்க் கவர். வாழை இலையில் மடித்துச் செய்தித்தாளைச் சுற்றித் தரும் கடைகள் பரவாயில்லை என்று நினைப்போம். இலை நல்லது, தாள்தான் பிரச்சினை. அச்சு மை உணவில் இறங்கும் என்பதால் செய்தித்தாளில் உணவு பொட்டலம் கட்ட வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே எச்சரித்தது, 2023இல் மறுபடி சொன்னது.

பெரிய ஹோட்டல்கள் தரும் கெட்டி பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவி வைத்துக்கொள்வது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். எங்கள் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அதுதான். ஆனால் பத்து டப்பாவுக்கு ஆறு மூடிதான் தேறும். சாம்பார் மஞ்சள் ஏறினால் போகாது, எண்ணெய்ப் பிசுக்கை எவ்வளவு தேய்த்தாலும் விரல் வழுக்கும். உளுந்து, கடுகு போட்டு வைக்க ஆகும். மீண்டும் சூடான குழம்பு ஊற்ற எனக்கு மனசு வருவதில்லை. ஆக, குப்பைக்குப் போவதைக் கொஞ்ச மாதம் தள்ளிப்போடுகிறோம், அவ்வளவே.

எவர்சில்வர் தூக்கு எடுத்துப்போனால் இந்தத் தொல்லை இல்லை. ஒரு சொட்டு சோப்பு, வெந்நீர், முடிந்தது. முதல் தடவை நீட்டும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கவுண்டரில் இருந்த தம்பி உள்ளே திரும்பி ‘ஒரு தூக்கு சாம்பார்’ என்று கத்தியதும் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் ஒரு லாபம் உண்டு. கவரில் அளந்து ஊற்றுகிற கை, தூக்கைப் பார்த்தால் தாராளமாகிவிடும். அரைத் தூக்கு காலியாக இருப்பது அவர்கள் கண்ணுக்கே பொறுக்காது போல.

தூக்கு தோற்கும் இடமும் இருக்கிறது. ஆபீஸ் விட்டு வரும் வழியில் திடீரென்று பரோட்டா வாங்கத் தோன்றினால் கையில் தூக்கு இருக்காது. செயலியில் ஆர்டர் செய்தால் கேட்கவே வேண்டாம். திட்டம் போட்ட ஞாயிறுக்குத்தான் தூக்கு. திடீர்ப் பசிக்கு இன்னும் டப்பாதான். இதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை.

பாத்திரம் தேய்க்கும் நாரில் பச்சை ஸ்கிரப்பருக்கும் தேங்காய் நாருக்கும் போட்டி வைத்தால் மண்சட்டி, தோசைக்கல்லுக்குத் தேங்காய் நாரே. கண்ணாடி டம்ளருக்கு முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய் நார். தேய்ந்து போன பச்சை ஸ்கிரப்பரின் தேய்ந்த பாதி எங்கே போயிற்று என்று நினைத்தால், தண்ணீரோடு போயிற்று என்பதுதான் பதில். தேங்காய் நார் உதிர்ந்து தொட்டி ஓட்டையை அடைக்கும், அதனால் வடிகட்டி அவசியம். தேய்ந்ததும் செடித்தொட்டிக்குள் போய்விடும்.

சொல்லத் தயங்குகிற குப்பை

பைக்கும் பார்சலுக்கும் கூட்டம் போட்டுப் பேசுவார்கள். நாப்கினைப் பற்றிப் பேச மாட்டார்கள். ஒருத்திக்கு ஒரு சுற்றுக்கு 15 என்று குறைத்து வைத்தாலும் வருஷத்துக்கு 180. எங்கள் வீட்டில் நானும் என் மகளும். நாப்கினில் பாதிக்கு மேல் மக்காத பொருள். எரித்தால் புகை, புதைத்தால் அப்படியே கிடக்கும், கழிப்பறையில் போட்டால் குழாய் அடைப்பு. செய்தித்தாளில் சுற்றிப் போட்டதைத் தூய்மைப் பணியாளர் கையால் பிரிக்க வேண்டியிருக்கிறது.

மாற்று இரண்டு. துணி நாப்கின் உடம்புக்கு இதம், பழக்கமும் நமக்குப் புதிதல்ல. பாட்டிமார் பழம்புடவையில் செய்ததுதான். குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, அலசி, நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். அந்தக் கடைசி வேலைதான் கஷ்டம். அடுக்குமாடி வீட்டில் வெயில் வருகிற ஒரே கொடி, பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கிற பால்கனியில். ஒளித்து வைத்து, துண்டுக்கு அடியில் காயப்போட்டால் ஈரம் போகாது, கிருமிதான் சேரும். நான் ஆறு மாதம் முயன்று விட்டுவிட்டேன்.

இன்னொன்று சிலிகான் கப், மாதவிடாய் நாளில் உடம்புக்குள் வைத்து உதிரத்தைப் பிடிக்கும் சின்னக் கிண்ணம். அதைப் பழக எனக்கு மூன்று சுற்று ஆயிற்று. முதல் மாதம் அழுகைதான் வந்தது. பிடிபட்ட பிறகு 12 மணி நேரத்துக்குள் ஒருமுறை எடுத்துக் கழுவினால் போதும். சுற்று முடிந்ததும் ஐந்து நிமிஷம் கொதிக்கவைத்து எடுத்து வைக்கலாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பல வருஷம் வரும். கேரளத்தில் ஆலப்புழை நகராட்சி 2019இல் ‘திங்கள்’ என்ற திட்டத்தில் 5,000 பேருக்குக் கப் கொடுத்தது. எர்ணாகுளம் மாவட்டத்துக் கும்பளங்கி 2022 ஜனவரியில் நாப்கின் இல்லாத ஊராட்சி என்று அறிவிக்கப்பட்டது. காப்பர்-டி போட்டவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. எனக்கு இருந்த சிக்கல் வேறு: எதில் கொதிக்கவைப்பது? மாமியார் இருக்கும் சமையலறையில் இதை எப்படிச் சொல்வது என்று நான் தயங்க, அவரே ஒரு பழைய பால் சட்டியை எடுத்துக் கொடுத்து, ‘இதை உன் ரூம்லயே வச்சுக்கோ’ என்றார்.

இன்னொன்று பாக்கி. கூடையில் மீன் வாங்க முடியாது, முடிச்சு வழியே ஒழுகும். மஞ்சப்பையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பா ஒன்றை மீனுக்கென்றே ஒதுக்கினேன். முதல் வாரம் எடுத்துப் போய், மீன் வெட்டும் அக்காவிடம் நீட்டினேன். சங்கரா மீனைச் செதில் சுரண்டி, துண்டு போட்டு, அலசி, வழக்கம்போல ஒரு கறுப்புக் கவருக்குள் போட்டு முடிச்சுப் போட்டார். அந்தக் கவரை என் டப்பாவுக்குள் வைத்து மூடித் தந்தார்.

“என்னக்கா, டப்பா கொடுத்தேனே?”

“டப்பா நாறிடும்ல கண்ணு, அப்புறம் நீதானே தேய்க்கணும்?”

அடுத்த வாரம் மூடியை வீட்டிலேயே விட்டுவிட்டு, திறந்த டப்பாவை மீனுக்கு நேர் கீழே பிடித்துக்கொண்டு நின்றேன்.