ஐட்னா காசா, ஏதென்ஸ் காசா?

கிரேக்க வெள்ளிக் காசுகளில் உச்சம் எது என்று பேச்சு வந்தால் இரண்டு பெயர்கள் கட்டாயம் அடிபடும்: சிசிலித் தீவின் ஐட்னா நகரத்து நான்கு திராக்மா, ஏதென்ஸின் பத்து திராக்மா (திராக்மா என்பது அன்றைய கிரேக்கக் காசு அலகு). இரண்டும் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்தவை.

கனத்தில் ஏதென்ஸ்தான். சுமார் 43 கிராம். ஐட்னா 17 கிராம் சொச்சம். வேலைப்பாட்டில் என் ஓட்டு ஐட்னாவுக்கு. ஏதென்ஸ் காசில் சிறகு விரித்து நம்மையே முறைக்கும் ஆந்தை மிடுக்குதான். ஆனாலும் ஏதென்ஸின் சாதாரண ஆந்தைக் காசைப் பெரிதாக்கிய மாதிரிதான் எனக்குப் படுகிறது. ஐட்னா காசில் மதுக்கடவுளின் கூட்டாளியான சைலீனஸின் வழுக்கைத் தலை, அதன் கீழே ஒரு வண்டு. மறுபக்கம் அரியணையில் ஜீயஸ், எதிரே மரத்தில் கழுகு.

அரிதிலும் ஐட்னாவே. சிசிலியின் சிராகூஸ் நகர மன்னன் ஹியரான் கி.மு. 476இல் பக்கத்துக் கட்டானா நகர மக்களைத் துரத்திவிட்டு ஊருக்கு ஐட்னா என்று பெயர் வைத்தான். 461இல் பழைய மக்கள் திரும்பினார்கள், பெயரும் போயிற்று. அந்த இடைவெளியில் அடித்த இந்த வகையில் இன்று தெரிந்தது ஒன்றே ஒன்று.

சரி, யார் யார் கையில் இருந்தன? இங்கேதான் இரண்டும் வெகுதூரம் விலகுகின்றன. ஐட்னா காசு லூசியன் தெ ஹிர்ஷ் என்ற இளம் சேகரிப்பாளரிடம் இருந்தது. அவர் 1887இல் இறந்தார். சேகரிப்பு 1899இல் பெல்ஜியம் அரச நூலகத்துக்குப் போனது. அன்றிலிருந்து பிரஸ்ஸல்ஸில்தான். அந்தக் காலத்து வாங்கல் விற்றலை இன்றைய விதிகளை வைத்து நிறுத்துப் பார்த்தால் எப்படியிருக்கும் என்பது வேறு கதை.

ஏதென்ஸ் வகையோ 1984 வரை பத்துப் பதினைந்துக்குள்தான் தெரிந்திருந்தது. அந்த வருஷம் துருக்கியின் எல்மலி அருகே திருட்டுத்தனமாகத் தோண்டிய சுமார் 1,900 காசுகளில் இவை மட்டும் 14. புதையல் வெளிநாட்டுக்குக் கடத்தப்பட்டது. பெரும்பகுதியை அமெரிக்கச் செல்வந்தர் வில்லியம் கோக்கின் கூட்டணி வாங்கியது. துருக்கி 1989இல் வழக்குப் போட்டு, 1999இல்தான் காசுகளைத் திரும்பப் பெற்றது.

போட்டியில் மூன்றாவதாக, சிசிலியின் இன்னொரு கிரேக்க நகரமான அக்ராகாஸின் பத்து திராக்மாவையும் சிலர் சேர்ப்பார்கள். 2012இல் நியூயார்க்கில் ஒருவர் அப்படியொன்றை, சமீபத்தில் தோண்டி எடுத்த திருட்டுச் சரக்கு என்று தெரிந்தே விற்கப் பார்த்துக் கைதானார். பிறகு ஆய்வகத்தில் பார்த்தால் காசே போலி!

ஐட்னா விலைக்கு வரப்போவதில்லை. ஏதென்ஸ் காசு ஏலத்துக்கு வந்தால், ஆந்தையின் அழகைப் பார்க்கும் முன் 1984க்கு முந்தைய ஏலப் பட்டியலில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நான் கையை உயர்த்த மாட்டேன்.