ஒபிஸுக்கு எது தோது: கைத்தறிச் சேலையா, டொப்பும் ட்ரவுசருமா?

இப்போது நான் வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்குச் சேலை கட்டாயமில்லை. நியமனக் கடிதத்தோடு வந்த தாளில் ‘பிஸ்னஸ் கஷுவல்’ என்று போட்டிருந்தார்கள். ஜீன்ஸ், டீ-சேர்ட், கையில்லாத சட்டை, றப்பர் செருப்பு வேண்டாம். மிச்சம் உங்கள் புத்தி. மட்டக்களப்பில் அந்தப் புத்தி இரண்டு பக்கம் இழுக்கும். ஒரு பக்கம், முந்திய வேலைக்கு வாங்கி அலுமாரி நிறையக் கிடக்கும் சேலைகள். மற்றப் பக்கம், முழங்காலைத் தாண்டி இறங்கும் கொட்டன் டொப்பும் நேர்வெட்டு ட்ரவுசரும். இரண்டையும் உடுத்து வேலைக்குப் போனவள் நான். கிழமை நாளுக்கு டொப்–ட்ரவுசர்தான் என் தெரிவு.

எது அழகு என்ற கதைக்கு வரவில்லை. சேலைக்குத் தானாக ஒரு மரியாதை கிடைக்கும், அது எல்லாருக்கும் தெரியும். கல்லடிப் பாலத்தில் காற்று அடிக்கிற நேரம் ஸ்கூட்டியில் போக ட்ரவுசர்தான் லேசு, அதுவும் எல்லாருக்கும் தெரியும். லெகின்ஸ் ட்ரவுசர் ஆகாது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

என்னை ஒரு பக்கம் சாய வைத்தது துவைத்துக் காயப்போடுகிற வேலை. எங்கள் பக்கத்தில் வருஷத்து மழையில் பெரும்பகுதி நவம்பரிலிருந்து ஜனவரி வரைக்கும்தான் கொட்டும். சேலை ஐந்தரை மீற்றர். கூடவே உள்பாவாடை, லைனிங் வைத்த பிளவுஸ். விறாந்தைக் கொடியில் இரண்டாய் மடித்துத்தான் போட முடியும்; மேல்மடிப்புக் காய்ந்தாலும் உள்மடிப்பில் ஈரம் நிற்கும். கைத்தறி என்றால் கரைப்பக்கம் நூல் தடிப்பு. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அயன் வைத்ததும் ஆவி கிளம்பும். அப்படியே கட்டிக்கொண்டு போனால் பத்து மணிக்கெல்லாம் மக்கல் மணம் பக்கத்து மேசைக்கே போய்ச் சேரும். கஞ்சி போடாவிட்டால் கொசுவம் நிற்காது, போட்டால் மாரியில் அதுவே பூஞ்சணம் பிடிக்கும்.

டொப்புக்கு இரண்டரை மீற்றர் துணி போதும். இரவு அலசி ஹேங்கரில் மாட்டி ஃபேனுக்கு நேரே விட்டால் விடியக் காய்ந்திருக்கும். கொலரும் முன்பட்டியும் கையும் அயன் பண்ணினால் போதும், மற்றது உடம்பில் நிமிர்ந்துவிடும். சேலையை முழுக்க விரித்து, மடித்து, திருப்பி அயன் பண்ணுவதற்குள் காலைச் சாப்பாட்டு நேரம் போய்விடும். வறண்ட கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் இந்தப் பிரச்சினை இல்லைதான், எதுவும் ஒரு மணித்தியாலத்தில் காயும். அப்போது வேறு தொல்லை: இறுக்கமான பிளவுஸின் கக்கத்தில் வியர்வை உப்பு வளையம் வளையமாகப் படியும். அபாயா போட்டு வருகிறவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். கறுப்பில்தான் உப்பு இன்னும் வெள்ளையாய்த் தெரியும் என்று கூட வேலை செய்கிற தோழி முதுகுப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

டொப் என்று எதையும் வாங்கிவிட முடியாது. காத்தான்குடியிலும் கல்முனையிலும் கடைகளில் முன்னுக்குத் தொங்குவது றேயன். மெதுமையாக விழும், விலையும் கைக்கு அடக்கம். ஆனால் நனைந்தால் அந்த நூலின் பலம் நன்றாகக் குறையும். முறுக்கிப் பிழிகிற பழக்கம் இருந்தால் தையலோரம் விட்டுப்போகும், சுருங்கவும் செய்யும். பொலியெஸ்டர் கசங்காது, டக்கென்று காயும், ஆனால் வியர்வையை உறிஞ்சாது. பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஆகவே ஆகாது. டொப்புக்குச் சுத்தக் கொட்டன், ட்ரவுசருக்குக் கொட்டனும் பொலியெஸ்டரும் கலந்தது: இதுதான் எனக்குச் சரிவந்தது. கடையில் துணியின் ஒரு மூலையைக் கைக்குள் பொத்தி இறுக்கிவிட்டு விரித்துப் பாருங்கள், சுருக்கம் அப்படியே நின்றால் ஒவ்வொரு காலையும் அயனோடுதான். வாசல் வெளிச்சத்தில் பிடித்தும் பாருங்கள். கடை லைற்றில் தெரியாதது அங்கே தெரியும். கிணற்றில் காவி ஓடுகிற வீடென்றால் வெள்ளையை விட்டுவிடுங்கள், கொஞ்ச நாளில் தேத்தண்ணி நிறம்தான்.

தைப்பதென்றால் கொட்டனை முதலில் ஓர் இரவு ஊறவிட்டுக் காயவைத்துக் கொடுங்கள், சுருங்குவது தைக்க முன்னமே சுருங்கட்டும். ஆரையம்பதியில் எனக்குத் தைக்கிற மாமி கேட்காமலே ஓரத்தில் துணி விட்டுவைப்பா. “புள்ள, உள்ளுக்கு ஒரு இஞ்சி விட்டிருக்கன், கலியாணம் முடிச்சாப் பிரிக்கலாம்” என்பா. பொக்கெட் வைக்கச் சொன்னால்தான் முகம் சுழிப்பா.

சால் போட்ட சல்வார் இரண்டுக்கும் நடுவில். துவைப்பதில் டொப் மாதிரி லேசு, ஆனால் சாலுக்கு நாள் முழுக்கக் காவல் இருக்கவேண்டும். நீளப் பாவாடையும் பிளவுஸும் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அதை நான் கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் தவிரப் போட்டதில்லை. போட்டு வருகிறவர்கள் சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள்.

சேலை வெல்கிற இடமும் உண்டு. மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்று வருஷக்கணக்காக என்னிடம் இருக்கிறது. உடம்பு பருத்தாலும் மெலிந்தாலும் பிளவுஸை மாற்றினால் சரி. டொப்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, முதலில் கொலர் நைந்துவிடும். விலையைப் பாவித்த காலத்தால் பிரித்தால் சேலைதான் மலிவு. 2022இல் பொருளாதார நெருக்கடி நேரம் அரச ஊழியர்களுக்கே உடை விதியைத் தளர்த்திச் சுற்றறிக்கை வந்தது. ஆனாலும் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கூட்டம் என்றால் சேலைகள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. அன்றைக்கு நானும் சேலைதான். பிறகு வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் களவேலை என்றால் திரும்பவும் ட்ரவுசர். வாவியைக் கடக்கிற பாதையில், அந்த மிதவைப் படகில், ஏறி இறங்கும்போது ஒரு கையில் ஃபைலும் மறு கையில் கொசுவமுமாக நிற்க என்னால் முடியாது.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் முதல் சம்பளத்தில் கறுப்பிலும் நேவி நீலத்திலும் இரண்டு ட்ரவுசர், அவற்றுக்குப் பொருந்துகிற நாலு டொப் வாங்கினால் சமாளிக்கலாம். சேலை அம்மாவிடம் இருக்கும். மூடின தோல் சப்பாத்தை மாரிக்கு முன் வாங்காதீர்கள். வாங்கியிருந்தால் ஒபிஸ் மேசைக்குக் கீழே வைத்துவிட்டு, வீதிக்கு றப்பர் செருப்போடு வாருங்கள். வாசலில் மாற்றிக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.