பெயர் ஒட்டாத நீல மருந்து: கடல் மீன் வளர்க்கிறவர்கள் ஏமாறாதீர்கள்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் கடல் மீன் வளர்க்கிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பாக்கெட் உப்பைக் கரைத்துத்தான் கடல் தண்ணீர் செய்ய வேண்டும். இரவுக் குளிருக்கு ஹீட்டர் அணையவே கூடாது. ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஆள் கிடையாது, மீன் விற்ற கடைக்காரர் சொல்வதுதான் வேதம். அந்த நம்பிக்கையை வைத்து ஒருவர் என்னிடம் இரண்டு தரம் காசு வாங்கிவிட்டார். என் தொட்டியில் இருந்த உயிர்கள் அநேகமாக எல்லாம் போய்விட்டன.

கண்டியில் வாங்கிய பவுடர் புளூ டாங் ஒன்றில்தான் ஆரம்பம். நம் நாட்டுக் கடலிலேயே கிடைக்கிற மீன், நீல உடம்பும் மஞ்சள் முதுகுத் துடுப்புமாக அவ்வளவு அழகு. ஆனால் வெள்ளைப்புள்ளி நோய் இதற்கு வருகிற மாதிரி வேறு மீனுக்கு வருவது அபூர்வம். இதைக் கடைக்காரர் சொல்லவில்லை. "தனியா வைக்கணுமா அண்ணே?" என்று கேட்டேன். "தேவையில்ல தம்பி, இங்கயே மருந்து போட்டுத்தான் வச்சிருக்கோம், நேரா தொட்டியில விடுங்க" என்றார். விட்டேன்.

ஐந்தாம் நாள் துடுப்பில் உப்புத் தூவின மாதிரி புள்ளிகள். மீன் கல்லில் உடம்பைத் தேய்த்தது, செவுள் படபடவென்று அடித்தது. போன் பண்ணினேன். பவளத்துக்கும் இறாலுக்கும் ஒன்றும் ஆகாது என்று ஒரு போத்தல் மருந்தை பஸ்ஸில் போட்டு அனுப்பினார். ஊற்றி மூன்று நாளில் ஒரு புள்ளி இல்லை. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அவரிடம் நன்றி கூடச் சொன்னேன்.

இந்த இடத்தைத்தான் எல்லாரும் கவனிக்க வேண்டும். புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை. நாம் பார்க்கும் புள்ளி, கிரிப்டோகாரியன் என்ற ஒட்டுண்ணி மீனின் தோலுக்கு அடியில் தின்று கொழுக்கிற கட்டம். 3 முதல் 7 நாளில் அது தானாகவே மீனை விட்டு விழும். மருந்தே போடாவிட்டாலும் விழும். விழுந்து மணலிலும் கல்லிலும் கூடு கட்டிக்கொண்டு உள்ளே நூற்றுக்கணக்கில் பெருகும். அந்தக் கூட்டை எந்த மருந்தும் லேசில் துளைக்காது. வெடித்து வருகிற குஞ்சுகள் ஓரிரண்டு நாளுக்குள் மீனைப் பிடித்தாக வேண்டும், அல்லது சாக வேண்டும். மூடிய தொட்டியில் மீன் எங்கே ஓடும்?

பதினாறாம் நாள், தொட்டியில் முன்பே இருந்த நீமோ (கோமாளி மீன்) இரண்டிலும் சேர்த்துப் புள்ளி வந்தது. டாங்கின் உடம்பில் எண்ண முடியவில்லை. இந்த முறை அவர் கொடுத்தது நீல நிறத் திரவம். போத்தலில் பெயர் இல்லை, அளவு இல்லை. "ஒரு மூடி ஊத்துங்க, போதும்" என்றார். எத்தனை லீட்டர் தொட்டி என்று கேட்கவே இல்லை.

ஊற்றின பிறகுதான் அப்பா அந்தப் போத்தலைக் கையில் எடுத்தார். தோட்டத்தில் பல வருஷம் தேயிலைக்கு மருந்து அடித்தவர். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "இது கொப்புள நோய்க்கு அடிக்கிற செம்பு மருந்து மாதிரி இருக்கே. நாங்க மருந்து டப்பாவை ஆத்துல கழுவவே மாட்டோம், நண்டெல்லாம் செத்துப் போயிரும்" என்றார். ஓடிப்போய் தொட்டியைப் பார்த்தேன். கிளீனர் இறால் பக்கவாட்டில் கிடந்து காலை உதறிக்கொண்டிருந்தது. விடிவதற்குள் இறால், நத்தை எல்லாம் போயின. பவளம் சுருங்கியது விரியவே இல்லை. மூன்றாம் நாள் டாங்கும் செத்தது.

செம்பு கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. இந்த நோய்க்கு உலகமெங்கும் பயன்படுத்துவது அதைத்தான். ஆனால் மீனை மட்டும், கல்லும் மணலும் இல்லாத தனித் தொட்டியில் வைத்துக் கொடுக்க வேண்டும். சாதாரணச் செம்பு என்றால் லீட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம்தான். அதற்குக் குறைந்தால் ஒட்டுண்ணி சாகாது, கூடினால் மீன் சாகும். இதைச் சோதனைக் கிட் வைத்துத்தான் அளக்க முடியும், மூடியால் அளக்க முடியாது. வேறு வகைச் செம்பு மருந்துகளுக்கு அளவே வேறு. பெயர் தெரியாத போத்தலுக்கு எந்தக் கணக்கைப் பார்ப்பது?

நீமோ இரண்டையும் காப்பாற்றியது மருந்து இல்லை, பிளாஸ்டிக் டப்புகள். கூடு வெடிக்கக் குறைந்தது மூன்று நாள் ஆகும். அதனால் அதற்கு முன்னாலேயே மீனை, புதிதாகக் கரைத்த உப்புநீர் உள்ள வேறு டப்புக்கு மாற்றிவிட வேண்டும். பழைய டப்பு, ஹீட்டர், காற்றுக் குழாய் எல்லாவற்றையும் கழுவி, ஈரம் இல்லாமல் காயவைக்க வேண்டும். இப்படி நாலு தரம். உப்புச் செலவு கொஞ்சம் கடிக்கும், ஆனால் மீன் நஞ்சு குடிக்காது. டாங் வந்த அன்றைக்கே இதைச் செய்திருந்தால் அதுவும் இருந்திருக்கும்.

பெரிய தொட்டியில் மீன் இல்லாமல் 76 நாள் விட்டால் ஒட்டுண்ணி பட்டினியில் செத்துவிடும் என்பது வளர்ப்பவர்கள் கடைப்பிடிக்கிற கணக்கு. எனக்கு அந்த வழியும் இல்லாமல் போயிற்று. செம்பு கல்லிலும் பவள மணலிலும் ஊறிவிட்டது. இனி அது கசிந்துகொண்டே இருக்கும், இறால் விட முடியாது. கல்லையெல்லாம் அள்ளி வெளியே போட்டேன். லய வீடுகளுக்குப் பின்னால் ஆற்றோரம் கொட்டப் போனபோது அப்பா விடவில்லை. சாக்கில் கட்டி, விறகுக் கொட்டிலுக்குள் வைத்திருக்கிறோம்.